கொட்டகைச் சொல்லும் ஏட்டுச் சொல்லும்

கிரேக்கத் துன்பியல் நாடகம் பற்றிய பாடநூல் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு சொல்லடைவு இருக்கும். அனக்னோரிஸிஸ், எக்குக்லேமா, கத்தார்ஸிஸ், கொரேகோஸ், பரோடோஸ், மெக்கானே, ஹமார்த்தியா, ஹூப்ரிஸ் என்று அகரவரிசையில் நாற்பது ஐம்பது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றரை வரி விளக்கம். தேர்வு எழுத அது போதும். ஆனால் அகரவரிசை ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. தச்சர் வாயில் புழங்கிய சொல்லையும் தத்துவவாதி ஆக்கிய சொல்லையும், வழக்குமன்றத்தில் எழுந்த சொல்லையும், அதற்குப் பிற்காலப் பேராசிரியர் ஏற்றிய பொருளையும் ஒரே பந்தியில் உட்கார்த்திவிடுகிறது. எல்லாச் சொல்லும் நாடகத்தோடு கூடப் பிறந்தவை போலத் தோன்றுகின்றன. அப்படியல்ல. ஒவ்வொரு சொல்லையும் யார் சொன்னார், எந்தக் காலத்தில் சொன்னார், சொல்லும்போது எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று கேட்டால் பந்தி கலைகிறது; கலைந்த பிறகுதான் நாடகம் கண்ணில் படுகிறது.

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், டயோனிசஸ் கோயிலை ஒட்டி இருந்தது நாடகம் நடந்த இடம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே புழங்கிய சொற்களில் கனமானது என்று ஒன்றும் இல்லை. சரிவில் மரப்பலகை போட்டு மக்கள் உட்கார்ந்த பகுதி தியாத்ரோன், பார்க்கிற இடம். கீழே இருந்த தரை ஓர்கெஸ்ட்ரா, ஆடுகிற இடம். அதற்குப் பின்னால் நடிகர் உடை மாற்ற ஒரு கொட்டகை. ஸ்கேனே என்று அதற்குப் பெயர். போர்க்களத்தில் அடிக்கும் கூடாரத்துக்கும் அதே சொல்தான். பாடி ஆடும் குழுவான கோரஸ் உள்ளே வரும்போது பாடுவது பரோடோஸ், வந்து நிலைகொண்ட பின் பாடுவது ஸ்டாசிமோன். கோரஸும் நடிகரும் மாறிமாறிப் பாடும் ஒப்பாரிக்குக் கொம்மோஸ் என்று பெயர். அடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். மாரடித்து அழுவதைக் குறித்தது. முகமூடிக்குத் தனிச்சொல் தேடவில்லை. முகத்தைக் குறித்த ப்ரொசோபொன் என்ற சொல்லே முகமூடிக்கும் போதுமாக இருந்தது. நடிப்பு, கதாபாத்திரம், மேடை என்று நாம் வகைப்படுத்தி வைத்திருக்கும் எதற்கும் அவர்கள் பெரிய சொல் செய்துகொள்ளவில்லை. நடந்தார்கள், நின்றார்கள், அடித்துக்கொண்டார்கள், பார்த்தார்கள்.

ஆட்சிமொழியும் இப்படித்தான். ஒரு கவிஞருடைய நாடகம் டயோனிசஸ் விழாவுக்கு ஏற்கப்பட்டது என்று சொல்ல அவர்களிடம் இருந்த வாசகம், நகர அதிகாரியான அர்க்கோன் அவருக்குக் கோரஸ் கொடுத்தார் என்பது. கவிஞர் போய்க் கேட்பதும் கோரஸைத்தான். ஆண்டுக்கு மூன்று துன்பியல் கவிஞருக்குக் கோரஸ் கிடைக்கும். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகமும் ஒரு சாட்டிர் நாடகமும் போட வேண்டும். நாடகத்தை உருவாக்குவதற்கான வினைச்சொல், கற்பித்தல். கோரஸுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்ததால் கவிஞர் திதாஸ்கலோஸ், அதாவது வாத்தியார். எந்த ஆண்டில் எவர் எந்த நாடகத்தைக் கற்பித்தார், என்ன பரிசு வாங்கினார் என்ற ஏடுகளுக்குத் திதாஸ்கலியா என்று பெயர் வந்ததும் இதனால்தான். மெடியா கி.மு. 431இல் அரங்கேறியது என்றும், அந்த ஆண்டு யூரிப்பிடிஸ் மூன்று பேரில் மூன்றாவதாக வந்தார் என்றும் நாம் இன்று உறுதியோடு சொல்வது அந்த ஏடுகளின் வழிவந்த தகவலால்.

கோரஸுக்குச் செலவு செய்தவர் கொரேகோஸ். சொல்லடைவுகள் இவரைப் புரவலர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். புரவலர் விரும்பிக் கொடுப்பவர். கொரேகோஸ் அப்படி அல்ல. பணக்காரக் குடிமகன்மேல் நகரம் சுமத்திய கடமை அது. தன்னைவிட வசதியான இன்னொருவர் தப்பித்துக்கொண்டார் என்று நினைத்தால், நீ இந்தச் செலவை ஏற்றுக்கொள், இல்லையென்றால் உன் சொத்தை எனக்குக் கொடுத்து என் சொத்தை எடுத்துக்கொள் என்று சவால் விடலாம். லூசியாஸ் எழுதிய ஒரு வழக்குமன்றப் பேச்சில், தன்மேல் வந்த குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் ஒரு செல்வர் தான் நகரத்துக்குச் செய்ததையெல்லாம் கணக்குச் சொல்கிறார். துன்பியல் கோரஸ் ஒன்றுக்கு மட்டும் 30 மினா, அதாவது 3,000 திராக்மா. அதே காலத்தில் அக்ரோபோலிஸ் மேல் எரெக்தெயோன் கோயில் கட்டிய கைவினைஞருக்கு நாள் கூலி ஒரு திராக்மா. ஒரு கொத்தனார் எட்டு ஆண்டுகளுக்கு மேல் விடுப்பில்லாமல் வேலை செய்தால் வரும் கூலி, ஒரு திருவிழாவில் ஒரு நாள் பாடி ஆடிய கோரஸின் உடைக்கும் உணவுக்கும் பயிற்சிக்கும் போயிருக்கிறது. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்துக்கு இப்படிச் செலவு செய்தவர் பெரிக்கிளீஸ். அப்போது அவர் இளைஞர். பிற்காலத்துப் பெரிக்கிளீஸை யாருக்கும் தெரியாது. நமக்குக் கிடைத்த துன்பியல் நாடகங்களில் ஆக மூத்தது அந்தப் 'பாரசீகர்'தான்.

துன்பியல் போட்டி தொடங்குமுன் அதே ஆடுகளத்தில் வேறு சில காட்சிகளும் நடந்தன. நேச நாடுகள் செலுத்திய கப்பம் கொண்டுவந்து காட்டப்பட்டது. போரில் தந்தையை இழந்து நகரத்தின் செலவில் வளர்ந்த பிள்ளைகள் வயது வந்ததும் கவசம் பூண்டு அணிவகுத்தார்கள். அதைப் பார்த்த கண்ணோடுதான் மக்கள் அடுத்து டிராய் நகரத்து விதவைகளின் அழுகையைப் பார்த்தார்கள். ஓர்கெஸ்ட்ரா என்ற சொல்லுக்கு எதிரே ஆடுகளம் என்று எழுதிவைத்தால் இந்தக் கப்பமும் அந்த அநாதைகளும் விடுபட்டுப் போகிறார்கள்.

கொட்டகைச் சொற்களில் இரண்டு மட்டும் சற்று முறைப்பாக நிற்கும், எக்குக்லேமாவும் மெக்கானேவும். முதலாவது வெளியே உருட்டப்படுவது, இரண்டாவது பொறி. இவை துன்பியல் கவிஞர்களின் வாயிலிருந்து நமக்கு வரவில்லை. தன் நாடகத்தில் பலகை உருள்கிறது, கயிறு இழுக்கிறது என்று எந்தத் துன்பியல் கவிஞரும் சொல்லமாட்டார். கேலி செய்ய வந்த நகைச்சுவைக் கவிஞர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள். அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 425இல் போட்ட 'அகார்னியர்' நாடகத்தில் ஒரு குடியானவர் யூரிப்பிடிஸ் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார். வர நேரமில்லை என்கிறார் கவிஞர். அப்படியானால் உன்னை உருட்டிக்கொண்டாவது வெளியே வா என்று கெஞ்ச, யூரிப்பிடிஸ் அவ்வாறே உருண்டு வருகிறார். கி.மு. 421இன் 'அமைதி' நாடகத்தில் சாண வண்டின் முதுகில் ஏறி வானத்துக்குப் போகும் நாயகன் நடுவழியில் பயந்துபோய், மெக்கானே என்ற பாரந்தூக்கியை இயக்கும் ஆளைப் பார்த்துக் கொஞ்சம் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். உருட்டும் வினை இப்படிக் கேலியில் கிடைக்கிறது. பெயர்ச்சொல்லாக நம் சொல்லடைவில் ஏறியதற்குக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சொற்களஞ்சியம் தொகுத்த பொல்லக்ஸ் போன்றவர்கள் காரணம். நாடகத்துக்கும் அவருக்கும் இடையில் ஆறு நூற்றாண்டு.

அந்த உருளும் பலகை என்ன வேலை செய்தது என்பதை 'அகமெம்னான்' காட்டும். கி.மு. 458இல் முதல் பரிசு பெற்ற ஓரெஸ்தெயா முத்தொகுதியின் முதல் நாடகம் இது. அரசன் அரண்மனைக்குள் போய்விட்டான். வெளியே கோரஸ், முதியவர்கள். உள்ளேயிருந்து வெட்டுப்பட்டவனின் அலறல் கேட்கிறது. அதுவரை ஒரே குரலாகப் பாடிய கோரஸ் அந்தக் கணத்தில் தனித்தனி ஆட்களாக உடைகிறது. உள்ளே பாய்வோம் என்கிறார் ஒருவர், முதலில் உறுதி செய்துகொள்வோம் என்கிறார் இன்னொருவர். ஆளுக்கு இரண்டு வரியாகப் பன்னிரண்டு பேச்சு. ஈஸ்கிலஸ் காலத்துக் கோரஸில் பன்னிரண்டு பேர் என்று ஆய்வாளர் கணக்கிட இந்த இடமும் ஒரு சான்று. ஓர் அரசன் செத்துக்கொண்டிருக்கும்போது மூத்தோர் அவை தீர்மானத்துக்கு வரமுடியாமல் தவித்ததுதான் நமக்குக் கோரஸின் தொகையைச் சொல்கிறது. அவர்கள் பேசி முடிப்பதற்குள் கதவு திறக்கிறது. பலகைமேடை உருண்டு வந்திருக்க வேண்டும் என்பதே பலருடைய கருத்து. அதன்மேல் குளியல் தொட்டியில் அகமெம்னானின் பிணம், பக்கத்தில் கசாண்ட்ராவின் பிணம், இருவருக்கும் மேலாகக் கிளிட்டெம்னெஸ்ட்ரா. எங்கே வெட்டினேனோ அங்கேயே நிற்கிறேன் என்ற பொருள்பட அவள் பேசுகிறாள். அவள் நிற்பதோ கதவுக்கு வெளியே, ஊர் முன்னால். படிக்கிறவருக்கு இது முரண். பலகையை மனத்தில் வைத்துக் கேட்டவருக்கு முரணே இல்லை. அவள் வெளியே வரவில்லை. வீட்டின் உட்புறம்தான் அவளையும் கொண்டு வெளியே வந்துவிட்டது.

இனி ஏட்டுச் சொற்கள். அனக்னோரிஸிஸ், பெரிபெட்டெயா, ஹமார்த்தியா, கத்தார்ஸிஸ் ஆகிய நான்குக்கும் உரியவர் அரிஸ்டாட்டில். அவர் பிறந்தது கி.மு. 384இல், வடக்கே ஸ்தகெய்ராவில். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சோஃபக்ளீஸும் யூரிப்பிடிஸும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். ஏதென்ஸில் அவர் வாழ்ந்தது வெளியூராராக, குடியுரிமை கிடையாது, கோரஸில் ஆடவோ பேரவையில் வாக்களிக்கவோ உரிமை இல்லை. அவர் 'கவிதையியல்' பேசிய காலத்தில் பழைய நாடகங்கள் மறுபடி மேடையேறிக்கொண்டிருந்தன, ஆனாலும் அவை ஏடுகளாகவும் ஆகிவிட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் லூக்குர்கோஸ் என்ற அரசியல் தலைவர், ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூன்று கவிஞரின் நாடகங்களுக்கும் நகரமே அதிகாரபூர்வப் படி வைத்திருக்க வேண்டும், நடிகர் அதை மீறக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். பின்னாளில் எகிப்தின் தாலமி மன்னர் 15 தாலந்து பிணைத்தொகை கட்டி அந்த மூலப் படிகளை இரவல் வாங்கி, பணம் போனால் போகட்டும் என்று மூலத்தை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பி அனுப்பினார் என்று மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். திருவிழாவில் ஒரு முறை நடந்து முடிகிற காரியமாக இருந்தது, பூட்டிவைக்கத் தக்க சொத்தாக மாறிய காலம் அது.

அந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர் அரிஸ்டாட்டில். துன்பியலின் ஆற்றல் அரங்கேற்றமும் நடிகரும் இல்லாமலே உண்டு என்கிறார். காட்சியமைப்பு கவிஞரைவிட வேடப்பொருள் செய்பவரின் வேலை என்கிறார். கதைக்கட்டுதான் அவருக்கு உயிர். அதனால் அவர் கலைச்சொல்லாக ஆக்கிய சொல்லெல்லாம் கதையின் உள்ளுறுப்புகளுக்கான பெயர்கள். பெரிபெட்டெயா என்றால் செயல் போகவேண்டிய திசைக்கு நேர் எதிராகத் திரும்புவது. அனக்னோரிஸிஸ் என்றால் அறியாமையிலிருந்து அறிதலுக்கு வருவது. ஹமார்த்தியா என்பது எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்ல ஹோமர் காலத்திலிருந்தே வழங்கிய வினையிலிருந்து வந்தது. கத்தார்ஸிஸ் மருத்துவர் பேதி மருந்துக்கும் பூசாரி தீட்டுக் கழிப்பதற்கும் சொன்ன சொல். துன்பியலுக்கு வரையறை சொல்லும் இடத்தில் இதைப் போட்டுவிட்டு அவர் விளக்காமல் போய்விட்டார். 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில், கவிதை பற்றிய நூலில் இதைத் தெளிவாகச் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நம் கையில் உள்ள கவிதையியலில் அந்தத் தெளிவு இல்லை. லெஸ்ஸிங் 18ஆம் நூற்றாண்டில் அதை ஒழுக்கச் சுத்திகரிப்பாகப் படித்தார்; பெர்னாய்ஸ் 1857இல் மருத்துவப் பொருளுக்குத் திருப்பினார். வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த ஏட்டுச் சொற்கள் வீண் என்று சொல்ல நான் வரவில்லை. ஏதென்ஸ் போன பிறகும், டயோனிசஸுக்குப் பூசை நின்ற பிறகும், இசை ஏறக்குறைய முழுக்க அழிந்த பிறகும் அந்த நாடகங்களைப் பற்றி வேற்று மொழிக்காரர் பேசமுடிந்தது அரிஸ்டாட்டில் கொடுத்த சொல்லால்தான். என் குறை வேறு. அவருடைய சொல் கையில் இருந்தால் கொட்டகைச் சொல் தேவையில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஊறிவிட்டது. எக்குக்லேமா தேர்வுக்கு, கத்தார்ஸிஸ் சிந்தனைக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். நாடகம் இந்தப் பங்கீட்டுக்கு ஒத்துவராது என்பதற்கு அரிஸ்டாட்டிலே உச்சியில் வைத்த 'ஈடிபஸ் அரசன்' சாட்சி.

கதை தெரிந்ததுதான். கொரிந்திலிருந்து ஒரு கிழவர் நல்ல செய்தியோடு வருகிறார். உன் தந்தை பொலிபஸ் இயற்கையாக இறந்தார், நீ அங்கே அரசனாகலாம். தந்தையைக் கொல்வாய் என்ற வாக்கு பொய்த்தது என்று ஈடிபஸுக்கு நிம்மதி. தாயைப் பற்றிய பயம் மட்டும் பாக்கி. அதையும் போக்கிவிடலாம் என்று கிழவர், அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை, சித்தரோன் மலையில் லேயஸின் இடையர் ஒருவர் கையிலிருந்து உன்னை வாங்கியவனே நான்தான் என்கிறார். பயத்தை நீக்க வந்த சொல் பயத்தையே மெய்யாக்குகிறது. பெரிபெட்டெயாவுக்கு அரிஸ்டாட்டில் காட்டும் உதாரணம் இதுவே. கூட நிற்கும் மனைவி ஜொகாஸ்டாவுக்கு முதலில் புரிந்துவிடுகிறது. மேலே விசாரிக்காதே என்று மன்றாடி, கேட்காமல் போகவே அரண்மனைக்குள் ஓடிவிடுகிறாள். பிறகு கோரஸ் ஒரு சிறு பாட்டுப் பாடுகிறது. ஆச்சரியமாக, மகிழ்ச்சிப் பாட்டு. நம் அரசன் அந்த மலையில் ஏதோ தெய்வத்துக்குப் பிறந்த பிள்ளையாக இருப்பானோ என்று. பாட்டு முடிய, அந்தப் பழைய இடையர் அழைத்துவரப்படுகிறார். குழந்தையைக் கொல்லச் சொல்லித் தன்னிடம் கொடுத்தவள் அதைப் பெற்ற தாய்தான் என்று அவர் வாயாலேயே வரவழைக்கிறான் ஈடிபஸ். அறிதல் முடிந்தது.

ஏட்டுச் சொல்லால் இவ்வளவும் சொல்லலாம். இப்போது கொட்டகைக் கணக்கு ஒன்றைப் போடுவோம். துன்பியலில் பேசும் நடிகர் மூன்று பேருக்கு மேல் இல்லை. மூன்றாவது நடிகரைச் சேர்த்தவர் சோஃபக்ளீஸ் என்பது அரிஸ்டாட்டிலின் தகவல்தான். இந்தக் காட்சியில் ஈடிபஸ் களத்தை விட்டு நகரவே இல்லை. கொரிந்துக் கிழவரும் நகரவில்லை. இடையர் வந்தபின் அவரோடு பேசவும் செய்கிறார். ஆகவே இடையராக வர மீதியிருப்பது ஒரே ஒருவர், சற்றுமுன் ஜொகாஸ்டாவாக உள்ளே ஓடியவர். அந்தச் சிறு பாட்டு பாடப்படும் நேரத்தில் அவர் கொட்டகைக்குள் அரசியின் முகமூடியைக் கழற்றி, அடிமைக் கிழவனின் முகமூடியை மாட்டிக்கொண்டு, பக்கவழியாகச் சுற்றி வந்தாக வேண்டும். குழந்தையைக் கையில் கொடுத்தவளும், கொடுக்க வாங்கிக்கொண்டவனும் ஒரே உடம்பில். மனைவி சொல்லாமல் அடக்கிக்கொண்டு போனதை அதே தொண்டை வேறு முகத்தோடு வந்து சொல்கிறது. முகமூடி மாறினாலும் குரலை ஓரளவு அடையாளம் கண்டிருக்கக் கூடிய பார்வையாளர்கள் அவர்கள்; கி.மு. 449 முதல் துன்பியல் நடிகருக்குத் தனிப் போட்டியும் பரிசும் இருந்தது. ப்ரொதகோனிஸ்தேஸ் என்ற சொல் கதாநாயகனைக் குறிக்கவில்லை. போட்டியில் முதல் ஆள் என்பதே பொருள். கோரஸின் மகிழ்ச்சிப் பாட்டை விமர்சகர்கள் முரண்சுவை என்பார்கள். அது உடை மாற்றும் நேரமும்கூட. இரண்டில் எது உண்மை என்று கேட்பது வீண். நேரம் தேவைப்பட்டது, அந்தத் தேவையையே சோஃபக்ளீஸ் கூர்மையாக்கினார். அனக்னோரிஸிஸ் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஒரே தொண்டையில் நிகழ்ந்த இந்த அறிதலைத் தவறவிட்டிருப்போம்.

மூன்றாவதாக ஒரு வகைச் சொல் உண்டு, பிற்காலம் பொருள் ஏற்றியது. ஹூப்ரிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைகனம், தெய்வத்துக்கு எதிரான இறுமாப்பு, துன்பியல் நாயகனின் குறை என்றெல்லாம் சொல்லடைவுகள் சொல்லும். கவிதையியலில் துன்பியலை விளக்கும் கலைச்சொல்லாக அது இல்லவே இல்லை. ஏதென்ஸ்காரருக்கு அது முதலில் ஒரு குற்றம். அதற்கென்றே தனி வழக்கு வகை இருந்தது. பிறரை அவமானப்படுத்துவதிலேயே இன்பம் காண்பது என்று 'சொற்பொழிவுக் கலை'யில் அரிஸ்டாட்டில் வரையறுக்கிறார். கி.மு. 348இல் டயோனிசஸ் விழாவில் கொரேகோஸாக இருந்த டெமொஸ்தெனீஸை, ஊரே கூடியிருந்த அந்த அரங்கத்திலேயே மெய்தியாஸ் என்ற பகைவர் கன்னத்தில் அறைந்தார். அந்த வழக்குக்காக டெமொஸ்தெனீஸ் எழுதிய பேச்சு முழுக்க ஹூப்ரிஸ் என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அடி வலித்தது என்பதல்ல அவர் வாதம். அத்தனை கண் முன்னால், கொரேகோஸ் உடையில் இருந்தபோது அடித்ததுதான். ஹூப்ரிஸ் என்றதும் ஏதென்ஸ்காரர் காதில் விழுந்திருக்கக்கூடியது அப்படியொரு அறை. இதை வைத்துக்கொண்டு 'அஜாக்ஸ்', 'ஆண்டிகனி' நாடகங்களில் பிணத்தை நடத்தும் விதம் பற்றிய சண்டையைப் படித்தால், அங்கே குற்றஞ்சாட்டுகிறவர் எதைக் குற்றஞ்சாட்டுகிறார் என்பது துலங்கும். குணக்குறை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு குறை தேடும் பழக்கம்தான் மிஞ்சும். ஹமார்த்தியாவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. குறி தவறியவரைப் பிறவியிலேயே பழுதானவராக்கிவிட்டோம்.

சொல்லடைவில் இடமே கிடைக்காத ஒரு கூட்டமும் உண்டு. அவை அலறல்கள். ஓய்மொய், அயாய், பெவ், பாப்பாய், ஒடொடொடொய். அகராதியில் இவற்றுக்கு எதிரே வலிக் குறிப்பு, துயரக் குறிப்பு என்று இருக்கும். பொருள் அதோடு தீர்ந்தது. ஆனால் நாடகத்தில் இவை யாப்புக்குள் வருகின்றன, வரியின் அசைக்கணக்கில் இடம் பிடிக்கின்றன. கி.மு. 409இன் 'ஃபிலொக்டெட்டிஸ்' நாடகத்தில் பாம்பு தீண்டிய காலில் வலி ஏறும்போது நாயகனின் ஓலம் வரியையே நிரப்பிவிடுகிறது. சொல் தோற்ற இடத்தில் யாப்பு தோற்கவில்லை. 'அகமெம்னான்' நாடகத்தில் கசாண்ட்ரா தேரில் வந்து முந்நூறு வரிக்குச் சற்றுக் குறையாகப் பேசாமல் இருக்கிறாள். கிளிட்டெம்னெஸ்ட்ரா பேசிப் பார்த்துவிட்டு, இவளுக்குத் தெரிந்தது தகைவிலான் குருவி கீச்சிடுவது போன்ற ஏதோ வேற்றுமொழிதான் போலும் என்று சலித்து உள்ளே போகிறாள். இது பேசாத துணைவேடம் என்று கூட்டம் முடிவுகட்டியிருக்கும். மூன்றாவது நடிகர் அப்போது புது வழக்கம். அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து முதலில் வருவது சொல் அல்ல, ஒடொடொடொய் என்ற ஓலம். பிறகு அப்பொல்லோவின் பெயர். அதன் பிறகே கிரேக்கம், அதுவும் அங்கே நிற்கும் எவரையும்விடத் தெளிவான கிரேக்கம்.

ஓசையே பொருளாக நின்ற இன்னோர் இடமும் சொல்ல வேண்டும். கோரஸ் பாடும்போது அதன் மொழி சற்று மாறும். பேச்சில் தாயை மேத்தேர் என்பவர்கள் பாட்டில் மாத்தேர் என்பார்கள். அது தோரிய வழக்கின் சாயல். கோரஸ் பாட்டு மரபாகவே அந்தச் சாயலில் வந்தது. ஸ்பார்ட்டாவின் பேச்சும் தோரிய வழக்குதான். கி.மு. 431 முதல் 404 வரை ஸ்பார்ட்டாவோடு சாகும் சண்டை போட்ட ஏதென்ஸ்காரர்கள், அதே ஆண்டுகளில் தங்கள் துயரத்தைப் பாடியது பகைவனின் நாவோடு ஒட்டிய ஒரு சாயலில். அவர்கள் காதுக்கு இது பழகிப்போயிருக்கலாம். அகராதி தோரிய வடிவம் என்று சுருக்கக் குறி போட்டு நகர்ந்துவிடும். படிக்கிற நாம் அங்கே நின்று போகலாம்.

ஒரு சொல் அந்த அரங்கத்தில் எவ்வளவு தாங்க வேண்டியிருந்தது என்பதற்கு ஹெகெலொகோஸ் என்ற நடிகர் கதை உண்டு. கி.மு. 408இல் யூரிப்பிடிஸின் 'ஓரெஸ்டிஸ்' அரங்கேறியது. தாயைக் கொன்றவனுக்குப் பித்து பிடித்து, உலுக்கி, இறங்குகிறது. அலை ஓய்ந்தபின் கடல் அமைதியாவதைக் காண்கிறேன் என்ற கருத்தில் அவன் பேச வேண்டிய வரி. அமைதிக்கான சொல் அங்கே கடைசி உயிரெழுத்துக் கெட்டு அடுத்த சொல்லோடு சேர வேண்டும். ஹெகெலொகோஸ் மூச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை, தொனி பிசகியது. கேட்டவர் காதில் விழுந்தது எலி பிடிக்க வீட்டில் வைத்திருந்த கீரி போன்ற சிறு பிராணியின் பெயர். அலைக்குப் பின் கீரியைக் கண்டான் ஓரெஸ்டிஸ். அரிஸ்டோஃபனீஸ் மூன்று ஆண்டு கழித்துத் 'தவளைகள்' நாடகத்திலும் அதை விடவில்லை. வேறு நகைச்சுவைக் கவிஞர்களும் விடவில்லை.

இன்றைய மாணவர் அந்த இரண்டு சொல்லையும் குழப்பிக்கொள்ளமாட்டார். மேலே போட்ட தொனிக்குறி பிரித்துக் காட்டிவிடும். அந்தக் குறிகளை வகுத்தவர் அலெக்சாந்திரியா நூலகத்தின் பைஸாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ் என்பது மரபு; நாடகம் நடந்து இரு நூற்றாண்டுக்குப் பின். ஏடு சொல்லைப் பாதுகாத்தது உண்மை. ஆனால் அது பாதுகாத்தது பிழை நேரமுடியாத சொல்லை. கி.மு. 408இல் ஆயிரக்கணக்கானவர் முன் நின்றவரிடம் குறி இல்லை; ஒரு மூச்சு இருந்தது, அது சரியாக நின்றால் துயரம், தவறினால் சிரிப்பு. துன்பியலின் சொற்களைக் கற்பவர் அந்த ஆபத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும். பொருளைக் கற்பது அதன் பிறகு எளிது.